ஒன்பதாவது குழி

பெட்டியை என் மேஜைமேல் வைத்தபோது மணி பதினொன்று.

மரப்பெட்டி. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. மூடியில் சாம்பல் நிறப் பொடி ஒட்டியிருந்தது.

"ரேகை எடுத்தாச்சு. தொடலாம்," என்றார் காவல் அதிகாரி. ஐம்பதை நெருங்கும் பெண். ஷூவில் சேறு காய்ந்திருந்தது. உடன் வந்த காவலர் கதவில் சாய்ந்து நின்றார். அவர் தலைக்கு மேலே, கதவின் கொக்கியில், என் கைப்பை தொங்கியது.

எங்கள் பிரிவுத் தலைவர் அதிகாரிக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். அருங்காட்சியகத்தின் துணிப் பிரிவு என்பது பின்பக்கம் இரண்டு அறைகள், அவர், நான். அவர் பட்டியல் எழுதுவார். நான் கிழிந்ததைத் தைப்பேன்.

"நான் சொன்னது இவளைத்தான்," என்றார் அவர். "நூலைப் பாத்தே நூத்தவ பேரைச் சொல்லிடுவா."

"பேரெல்லாம் வேண்டாம் சார். பொருளைச் சொன்னா போதும்."

அதிகாரி மூடியைத் திறந்தார். உள்ளே நீல வெல்வெட். அதில் ஒன்பது குழிகள். ஒவ்வொரு குழியும் ஒரு பொருளின் அளவுக்கு வெட்டியது. எட்டில் பொருள் இருந்தது. ஒன்று காலி.

"இந்தக் காலி எடத்துல என்ன இருந்துச்சு? எனக்கு வேண்டியது அவ்வளவுதான்."

குனிந்து பார்த்தேன். நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம். ஒரு முனையில் பருத்து, நடுவில் ஒரு வளையம் அழுந்திய தடம், அப்புறம் ஒடுங்கி ஒடுங்கி ஒன்றுமில்லாமல் போனது.

யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அது என் கைப்பையில், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது.

"எதுக்குக் கேக்குறீங்க?" என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஒரு பழைய சாமான் கடை. வியாழக்கிழமை சாயங்காலம் கடைக்காரரை யாரோ முதுகுல குத்தியிருக்காங்க. இந்தப் பெட்டி அவர் கல்லா மேல தெறந்து கெடந்துச்சு."

"செத்துட்டாரா?" என்றார் தலைவர்.

"இல்ல சார். பெரிய ஆஸ்பத்திரியில மயக்கத்துலயே வெச்சிருக்காங்க. இன்னிக்கு மருந்தைக் கொறைக்கிறாங்களாம். சாயங்காலத்துக்குள்ள கண்ணு முழிச்சுப் பேசிடுவார்னு டாக்டர் சொல்றார். ஒல்லியா, கூரா ஏதோ எறங்கியிருக்குன்னும் சொல்றார். அது என்னன்னு அவருக்குத் தெரியல."

அந்தக் கடைக்காரரை நான் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். என் கணவருக்கு அவரை நன்றாகத் தெரியும்.

*

என் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். வங்கி, நீதிமன்றம், ஆஸ்பத்திரி, துணிக்கடை என்று ஊரில் பாதிக் கட்டடங்களுக்குள் யாரையும் கேட்காமல் போய்வருவார். சீருடையையும் கருவிப் பையையும் பார்த்தால் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டு உண்டு. வேலையிலிருந்து வந்ததும், "கண்ணை மூடு. கையை நீட்டு," என்பார். உள்ளங்கையில் ஏதாவது வைப்பார். பழைய தையல் சாமான். பார்க்காமல் அது என்ன என்று சொல்ல வேண்டும். சொல்லிவிடுவேன். கைதட்டுவார்.

இதைக் கேள்விப்பட்ட பெண்கள், "குடுத்து வெச்சவ," என்பார்கள். எதற்குப் பிறகு கொடுக்கிறார் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

தைக்கும்போது விரலில் மாட்டும் வெள்ளி அங்குஸ்தான் வந்தது என் மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்ட மறுநாள். சிப்பியில் செய்த நூல் தகடு வந்தது, என்னைப் பால்கனியில் விட்டுக் கதவைப் பூட்டிய மழை நாளுக்கு மறுநாள். கொக்கி ஊசி வந்தபோது என் இடது காது கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்துக் கேட்டது. பிஸ்கட் டப்பா ஒன்றில் அப்படிப் பத்துப் பொருட்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எதற்குப் பயன்பட்டது என்று கேட்டால் சொல்வேன். ஒவ்வொன்றும் எதற்காக வந்தது என்பதும் தெரியும்.

வியாழக்கிழமை வந்தது பதினொன்றாவது.

கண்ணை மூடினேன். எலும்புப் பிடி. நடுவில் பித்தளை வளையம். எஃகு முனை, ஊசியைப் போலக் கூர், ஆனால் காது இல்லை.

"குத்தூசி," என்றேன்.

கைதட்டினார். கண்ணைத் திறந்தேன். பிடி ஈரமாக இருந்தது.

"கழுவினீங்களா?"

"அழுக்கா இருந்துச்சு."

எலும்புப் பிடியைத் தண்ணீரில் கழுவக் கூடாது. ஊறி வெடிக்கும். அது அவருக்குத் தெரியும். சொல்லிக் கொடுத்ததே நான்தான். முந்தைய பத்தையும் தூசியோடுதான் கொண்டுவந்தார்.

அதைவிட வேறொன்று உறுத்தியது. அந்த வாரம் எங்களுக்குள் எதுவும் நடக்கவில்லை. குரல்கூட உயரவில்லை. பிறகு இது எதற்கு என்று நினைத்தேன். அன்று தூங்கப் போகும்போது, மனுஷன் மாறியிருக்கலாம் என்று நினைத்தேன். மறுநாள் அதை வேலைக்குக் கொண்டுவந்து மேஜையில் வைத்துக்கொண்டேன்.

சந்தோஷமாகக்கூட இருந்தது.

*

"இருக்குறதையெல்லாம் ஒவ்வொண்ணா சொல்லுங்க," என்றார் அதிகாரி. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து தேதி எழுதினார். "காலிய கடைசியா பாப்போம்."

எனக்கு நேரம் வேண்டியிருந்தது. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டேன்.

"கத்தரிக்கோல். பூ வேலைக்கு. நூல் நுனியை வெட்ட மட்டும். காகிதம் வெட்டினா அது கெட்டது."

"எங்க வீட்டுல அதுலதான் மீன் வெட்டுறாங்க," என்றார் கதவோரக் காவலர்.

"எழுத விடுங்க," என்றார் அதிகாரி.

"அங்குஸ்தான். விரல்ல மாட்டிக்கிட்டு ஊசியைத் தள்ள. இந்தப் பக்கம் புள்ளியெல்லாம் தேஞ்சிருக்கு பாருங்க. வெச்சிருந்தவங்க தலையால தள்ளல, பக்கத்தால தள்ளியிருக்காங்க. நிறையத் தெச்சவங்க."

"இது?"

"ஊசிக் கூடு. எலும்பு. தந்தம்னு சொல்லி விப்பாங்க. தந்தத்துல கோடு ஓடும். எலும்புல கருப்பா பொடிப் புள்ளி இருக்கும்."

அவரும் குனிந்து பார்த்தார். புள்ளிகள் இருந்தன. தலையாட்டி எழுதினார். இந்தப் பெண் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்பவர் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுதுகிறார்.

"இந்தக் குட்டித் தலகாணி?"

"குண்டூசி சொருகுறதுன்னு எல்லாரும் நெனைப்பாங்க. இல்ல. உள்ள உரசுற பொடி இருக்கு. துருப்பிடிச்ச ஊசியை நாலு தரம் குத்தி எடுத்தா பளபளன்னு ஆகும். ஊசியை இதுலயே விட்டு வெச்சா அரிச்சிடும்."

"நான் பொம்மைக்குன்னு நெனச்சேன்," என்றார் காவலர். சிரித்தபோது தலை பின்னால் போய்க் கைப்பையில் இடித்தது. பை ஆடியது. உள்ளே கண்ணாடிக் கூடு எதிலோ தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. மற்றவர்களுக்குக் கேட்கவில்லை.

"மெழுகுக் கட்டி. நூலை இதுல இழுத்தா முறுக்கிக்காது. இந்தக் கோடெல்லாம் நூல் போன தடம். இது நூல் சுத்துற தகடு. இது கொக்கி ஊசி, பின்னல் வேலைக்கு. இது நாடா ஊசி. தட்டையா, மொக்கையா இருக்கும். மடிப்புக்குள்ள நாடா கோக்க."

"எட்டு," என்றார் அதிகாரி. பேனாவைக் காலிக் குழிமேல் வைத்தார். "இது?"

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு சொட்டு எண்ணினேன்.

"நாடா ஊசி."

"அதான் இருக்கேம்மா," என்றார் தலைவர்.

"அது தட்டை. இது உருண்டை. ரெண்டும் வெப்பாங்க."

"முனை எப்படி இருக்கும்?"

"மொக்கை. துணியைக்கூடக் குத்தாது."

தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குழியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. இருபது வருஷத்தில் நான் தப்பாகச் சொல்லி அவர் கேட்டதில்லை.

அதிகாரி எழுதவில்லை. பேனாவால் மேஜையைத் தட்டினார். "அப்ப குத்தினது இந்தப் பெட்டிப் பொருள் இல்ல."

"இல்ல."

பேனாவை மூடினார். முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

*

"அந்தக் கோட்டைக் குடுங்க," என்றார் காவலரிடம்.

பிளாஸ்டிக் பையில் மடித்து வைத்திருந்தார்கள். கடைக்காரரின் கோட்டு. சாம்பல் நிறக் கம்பளித் துணி, கெட்டியான நூல், ஒன்று மேல் ஒன்று கீழ் நெசவு. மேஜையில் முதுகுப்பக்கம் மேலே வரும்படி விரித்தார். உள்பக்க லைனிங் ரத்தம் காய்ந்து அட்டைபோல் விறைத்திருந்தது. வெளித்துணியில் அவ்வளவாக ரத்தம் இல்லை. இடது தோளுக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை. சுற்றிலும் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டிருந்தார்கள்.

"லேபுக்கு அனுப்பினா மூணு வாரம். ஓட்டையைப் பாத்து ஏதாவது சொல்ல முடியுமா?"

வேலையைப் பற்றிக் கேட்டால் என் வாய் எனக்கு முன்னால் பேசிவிடும்.

"முடியும். கத்தி, கத்தரிக்கோல் எதுவா இருந்தாலும் நூலை அறுக்கும். நுனி தெரியும். உருண்டையா கூரா இருக்குறது அறுக்காது, நூலை ஒதுக்கிட்டுப் போகும். பூ வேலையில வட்டமா ஓட்டை போட்டுத் தெச்சிருப்பாங்க இல்லையா, அந்த ஓட்டை வெட்டினதில்ல. ஒதுக்கினது."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது.

"நல்லது," என்றார் அதிகாரி. "பாருங்க."

விளக்கை இழுத்தேன். பூதக்கண்ணாடியைத் துணிமேல் பிடித்தேன்.

அறுந்திருக்க வேண்டும். ஒரே ஒரு நூல் அறுந்திருந்தால் போதும். பிடி ஈரமாக இருந்ததற்கு வேறு காரணம் இருக்கும். ஒரு வாரம் சும்மா இருந்ததற்கும் வேறு காரணம் இருக்கும். வீட்டுக்குப் போய்ச் சமைப்பேன். அவரும் சாப்பிடுவார்.

மேலே ஐந்து நூல். முழுசு. கீழே ஆறு. முழுசு. வலப்பக்கம் நான்கு, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, வளைந்து, முழுசு. இடப்பக்கம் எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

ஒரு நூல்கூட அறுந்திருக்கவில்லை.

என்ன செய்தேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. குத்தூசியைத் தவறான இடத்தில் இறக்கிவிட்டால் தையல் வேலைக்காரர்கள் எல்லோரும் செய்வது ஒன்றுதான். கட்டைவிரல் நகத்தால் குறுக்கே இரண்டு கீறல், நெடுக்கே இரண்டு கீறல். ஒதுங்கின நூல் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். பத்து வயதிலிருந்து செய்கிறேன். ஓட்டை தெரிந்தால் விரல் தானாகப் போகும்.

குறுக்கே இரண்டு. நெடுக்கே இரண்டு.

"எங்க?" என்றார் அதிகாரி.

சுண்ணக்கட்டி வட்டம் இருந்தது. வட்டத்துக்குள் துணி இருந்தது. வேறொன்றும் இல்லை.

"ஐயையோ," என்றார் தலைவர். "என்னம்மா பண்ணிட்டே! சாட்சிப் பொருளும்மா அது!"

"கை பழக்கம்," என்றேன். "தெரியாம..."

காவலர் கதவை விட்டு இரண்டடி முன்னால் வந்தார். அதிகாரி கை காட்டி அவரை நிறுத்தினார். அதிகாரியின் முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கோட்டை இழுத்து, என் பூதக்கண்ணாடியை வாங்கி, அந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"படம் எடுத்து வெச்சிருக்கோம், அது பரவால்ல. ஒண்ணு கேக்குறேன். அறுந்த நூல் இப்படிச் சேருமா?"

விளக்கை அதன் இடத்துக்குத் தள்ளினேன்.

"சேராது," என்றார் தலைவர். "எப்படிச் சேரும்?"

"அப்ப கத்தி இல்ல. உருண்டையா, கூரா ஒண்ணு."

"குத்தூசி!" தலைவர் தொடையில் தட்டினார். விடுகதைக்கு விடை கண்டவர் மாதிரி அவர் முகம் மலர்ந்தது. "குழியும் சரியா வருது பாருங்க. பிடி, வளையம், முனை. கூர்மையான குத்தூசி. நானும் அப்பவே நெனச்சேன். நாடா ஊசின்னு எப்படிம்மா சொன்னே, நீ போயி?"

"சரியாப் பாக்கல சார்."

"உங்கிட்டயே ஒண்ணு இருந்துச்சே. வெள்ளிக்கிழமை உன் மேஜையில பாத்தேன். எலும்புப் பிடி. அதை எடு, குழியில வெச்சுப் பாத்துடலாம். அளவு தெரிஞ்சுடும்."

அவர் முகத்தில் கள்ளம் இல்லை. உதவி செய்துகொண்டிருந்தார்.

"வீட்டுல இருக்கு," என்றேன்.

அதிகாரி என்னைப் பார்க்கவில்லை. நோட்டுப் புத்தகத்தில் எதையோ எழுதினார். குத்தூசியாகத்தான் இருக்கும்.

"எங்க வாங்கினது?"

"வீட்டுக்காரர் குடுத்தது."

"எங்க வாங்கினார்?"

"கேக்கல."

"நல்ல வீட்டுக்காரர். எங்க வீட்டுல ஒரு பூகூட வராது." பக்கத்தைப் புரட்டினார். "கடைக்குப் பக்கத்துல டீக்கடை. டீக்கடைக்காரர் ஒண்ணு சொன்னார். வியாழக்கிழமை கடையை மூடுற நேரத்துக்கு ஒரு ஆம்பளை போயிருக்கார். முகத்தைப் பாக்கலையாம். ஆனா கடைக்காரர் சத்தமா சிரிச்சுக்கிட்டுப் பேசினது கேட்டிருக்கு. 'பொண்டாட்டிக்கா? இந்த வாரம் என்ன தப்புப் பண்ணீங்க?'"

சுண்ணக்கட்டி வட்டத்தையே பார்த்தேன்.

"அதுல ஒண்ணும் இல்ல," என்றார் அதிகாரி. "ஆம்பளைங்க யார் வந்தாலும் அதைத்தான் கேப்பாராம். வெறும் ஜோக்கு. எல்லாரும் சிரிச்சுட்டுப் போயிடுவாங்களாம்."

என் கணவர் சிரித்திருக்க மாட்டார். நான்கு சுவருக்குள் இருப்பதாக அவர் நினைத்த ஒன்றைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார். கையில் குத்தூசி இருந்திருக்கிறது. பொட்டலம் கட்டக் கடைக்காரர் திரும்பியிருப்பார்.

"வீட்டு விலாசம் சொல்லுங்க," என்றார் அதிகாரி. "ஆள் அனுப்பி அந்தக் குத்தூசியை எடுத்துட்டு வரச் சொல்றேன். அளவு பாக்கத்தான்."

விலாசம் சொன்னேன். மெதுவாகச் சொன்னேன். வீட்டில் யாரும் இல்லை, சாவி என்னிடம்தான், மதியத்துக்கு மேல் நானே கூட வருகிறேன் என்றேன். சரி என்றார்.

மனதுக்குள் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் கடைக்காரர் கண் விழிப்பார். அவரே பெயரைச் சொல்லிவிடுவார். இவர்கள் போய்ப் பிடிப்பார்கள். நான் சொன்னதாக இருக்காது. என்றைக்காவது என் கணவர் திரும்பி வந்தால், "கண்ணை மூடு" என்று சொன்னால், "நான் ஒண்ணும் சொல்லலையே" என்று சொல்ல முடியும். சாயங்காலம் வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அது எனக்கு நன்றாக வரும்.

என் கைப்பைக்குள் போன் அடித்தது.

"அம்மா, போனு," என்றார் காவலர். பையைக் கொக்கியிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

கண்ணாடிக் கூடு மேலாகத்தான் இருந்தது. அதை ஒதுக்கிப் போனை எடுத்தேன். திரையில் என் கணவரின் எண்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"இன்னும் இல்ல."

"என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"தூசி. பழைய துணி வந்திருக்கு."

"எப்பப் பாத்தாலும் தூசி." சிரித்தார். மென்மையான குரல். அந்தக் குரலை எனக்குத் தெரியும். மணிக்கட்டுக்கு மருந்து தடவும்போது அதே குரல்தான். "ஆஸ்பத்திரி லிஃப்ட்டு சீக்கிரம் முடிஞ்சிடுச்சு. நடந்து வந்துட்டிருக்கேன். இன்னும் பத்து நிமிஷத்துல உன் ஆபீஸ் வாசல்ல இருப்பேன். கீழ எறங்கி வா."

"எதுக்கு?"

"எதுக்கா? ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கேன். வரும்போதே கண்ணை மூடிக்கிட்டு வரணும். ஏமாத்தக் கூடாது. சரியா?"

"சரி," என்றேன்.

போன் அணைந்தது.

காலையில் எங்களுக்குள் எதுவும் நடக்கவில்லை. நேற்றும் இல்லை. டீ நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லிவிட்டுப் போனார்.

தலைவர் எதையோ கேட்டார். காதில் விழவில்லை. நான் கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன். குத்தூசியை எடுத்து ஒன்பதாவது குழியில் வைத்தேன். பிடி பிடியின் இடத்தில் உட்கார்ந்தது. வளையம் வளையத்தின் தடத்தில் உட்கார்ந்தது. முனை வெல்வெட்டுக்குள் போய் மறைந்தது.

தலைவர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வியாழக்கிழமை குடுத்தார்," என்றேன். "கழுவிக் குடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்க மேடம்."

"எதுக்கு?"

"இப்பவே பண்ணுங்க. என் வீட்டுக்காரர் அங்க லிஃப்ட்டு வேலைக்குப் போயிட்டு வரார். எனக்கு ஏதோ வாங்கிட்டு வரார்."

"வாங்கிட்டு வந்தா என்ன?"

யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லாத ஒன்றைப் பத்து நிமிடத்தில் சொல்ல வேண்டும். சட்டைக் கையை மேலே ஏற்றினேன். மணிக்கட்டில் எலும்பு கோணலாகச் சேர்ந்திருக்கும் இடத்தைக் காட்டினேன்.

"இதுக்கு அங்குஸ்தான்," என்றேன். "காதுக்குக் கொக்கி ஊசி. எது நடந்தாலும் அதுக்கப்புறம் ஒண்ணு வரும். ஒண்ணும் நடக்காம வந்ததே இல்ல. வியாழக்கிழமை எனக்கு ஒண்ணும் நடக்கல. இன்னிக்கும் எனக்கு ஒண்ணும் நடக்கல."

அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். போனை எடுத்தார்.

"வார்டு வாசல்ல நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார்," என்றார், எண்ணை அழுத்திக்கொண்டே. எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல், பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

"சொல்லுங்க மேடம்."

"அங்க எல்லாம் எப்படி இருக்கு?"

"அமைதியா இருக்கு மேடம். நர்ஸ் பத்தரைக்கு வந்து பாத்துட்டுப் போச்சு. ஆள் நல்லாத் தூங்குறார்."

"வேற யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரல மேடம். லிஃப்ட்டுக்காரர் ஒருத்தர் மட்டும். இந்த மாடியில லிஃப்ட்டுக் கதவு சரியா மூடலன்னு வந்தார். நல்ல மனுஷன் மேடம். காலையிலேருந்து ஒத்தையா உக்காந்திருக்கீங்களேன்னு எனக்கு டீ வாங்கிக் குடுத்தார். கப்பைப் போட வராந்தாக் கோடி வரைக்கும் போயிட்டு வந்து பாத்தா வேலையை முடிச்சுட்டுக் கெளம்பிட்டார்."

அதிகாரியின் முகம் மாறியது. குரலை மாற்றவில்லை.

"உள்ள போங்க. போனைக் கையில வெச்சுக்கிட்டே போங்க. நேர்ல பாத்து மூச்சு இருக்கான்னு எனக்குச் சொல்லுங்க."

"மேடம்?"

"போங்க."

போனில் நாற்காலி நகர்ந்தது. ஷூ சத்தம் கேட்டது. எங்கள் காவலர் ஜன்னலுக்குப் போனார். பின்பக்கத்து ஜன்னல்தான் என்றாலும் அங்கிருந்து பக்கவாட்டில் வாசல் கேட் தெரியும்.

"நீலச் சீருடையாம்மா?" என்றார் திரும்பாமல். "தோள்ல ஒரு பை?"

"ஆமா."

"அதுக்குள்ள கேட் பக்கத்துல வந்து நிக்கிறார். கையில சின்னப் பொட்டலம். மேல பாக்குறார்." ஜன்னலோரம் ஒதுங்கிக்கொண்டார்.

அதிகாரி எழுந்து கதவை உள்ளே தாழிட்டார். தலைவர் என் நாற்காலிக்கும் கதவுக்கும் நடுவில் வந்து நின்றார். அறுபது வயது, மெலிந்த மனிதர். என்ன செய்வதென்று தெரியாமல் என் பெரிய கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டார்.

போனில் ஒரு கதவு திறந்தது. ஷூ சத்தம் நின்றது.

என் கண்கள் தானாக மூடிக்கொண்டன. உடனே திறந்தேன். இரண்டு கையையும் மடக்கி மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த போனைப் பார்த்தேன்.

"மேடம்," என்றது அந்தக் குரல். அப்புறம் நர்ஸைக் கூப்பிட்டுக் கத்தியது.